தாள் ஹெலிகாப்டரின் உள்ளறை

தாளை வெட்டியும் ஒட்டியும் செய்யும் பொருள்களைச் சிறுவர் விளையாட்டென்று கருதுவோர் பலர். அக்கருத்தை மறுப்பது ஈண்டு எம் நோக்கமன்று, விளையாட்டென்றே வைத்துக்கொள்வோம். ஆயினும் ஒருவர் தம் ஓய்வுப் பொழுதில் என்ன விளையாடினார், அவ்விளையாட்டில் அவர்க்கு என்ன நேர்ந்தது என்னுஞ் செய்திகள் நம் கல்லூரிச் சஞ்சிகையில் இடம்பெறத் தகாதனவல்ல என்னுந் துணிவினால் இதனை எழுதப் புகுந்தோம். இரண்டரை ஆண்டுகட்குச் சற்றே குறைந்த காலம் எம் மேசையின் ஒரு மூலையைப் பற்றிக்கொண்டிருந்த ஒரு தாள் ஹெலிகாப்டரின் வரலாறு இது. அதிலும் அதன் வெளிப்புறத்தைப் பற்றியதன்று, உள்ளறையைப் பற்றியது.

கோயம்புத்தூரில் வாழ்வார்க்கு ஹெலிகாப்டர் புதுமைப் பொருளன்று. திருச்சி சாலையில் சூலூரைக் கடந்து செல்லும் எவரும் அங்குள்ள விமானப்படைத் தளத்தினின்று எழும் இரைச்சலைக் கேட்டிருப்பர். 2003-ஆம் ஆண்டிற் பெங்களூரில் தோற்றுவிக்கப்பெற்றுப் பின்னர்ச் சூலூரைத் தன் இருப்பிடமாகக் கொண்ட 'சாரங்' என்னுங் குழுவினர், மயிலுருவந் தீட்டிய துருவ் ஹெலிகாப்டர்களில் வானத்திற் கோலமிடுவதை நம்மவர் வீட்டு மாடிகளிலிருந்தே கண்டு மகிழ்ந்திருக்கின்றனர். மயில் நன்று. ஆனால் அம்மயிலின் வயிற்றினுள் என்ன இருக்கிறதென்று கேட்டவரை யாம் கண்டதில்லை. யாமும் நெடுங்காலம் கேட்டோமல்லோம்.

2021-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், பெருந்தொற்றினாற் பள்ளிகளும் கல்லூரிகளும் அடைபட்டுக் கிடந்த காலத்தில், குன்னூருக்கு அணித்தே வாழும் எம் தமக்கையாரின் மகன் எம்மோடு வந்து தங்கியிருந்தான். அப்போது அவனுக்கு வயது பன்னிரண்டு. கைப்பேசியிற் பாடங் கேட்டு ஓய்ந்த பிள்ளைக்கு வேறொரு வேலை வேண்டுமென்று எண்ணி, வெட்டி ஒட்டும் தாள் மாதிரி ஒன்றினை அச்சிட்டு எடுத்தோம். அது மி-17 வி5 என்னும் ஹெலிகாப்டர். ரஷ்ய நாட்டுக் காசான் நகரிற் செய்யப்பெறுவது, 2012 முதல் நம் விமானப்படையிற் பணிபுரிவது, சூலூரிலும் உள்ளது. மிகாயில் மில் என்னும் வானூர்தி அமைப்பாளரின் பெயரினின்று வந்ததே அம் 'மி'. சுழலிறக்கைகள் ஐந்து, அவை சுழலும் வட்டத்தின் குறுக்களவு இருபத்தொரு மீட்டருக்குச் சற்று மிகுதி.

மாதிரியின் அளவு முப்பத்து மூன்றில் ஒரு பங்கு. இஃதென்ன விந்தையான எண் என்று கேட்பாருண்டு. தாள் மாதிரிக்கலை செழித்து வளர்ந்தது போலந்து நாட்டில். 1957-இல் அங்குத் தோன்றிய ஒரு சஞ்சிகை இதழ்தோறும் விமானமும் கப்பலுமாக வெட்டுத்தாள்களை வெளியிட்டு வந்தது. அந்நாட்டார் வானூர்திகளுக்குக் கைக்கொண்ட அளவு இதுவே. உலகெங்குமுள்ள தாள் மாதிரிக்காரர் அதனையே வழக்காகப் பின்பற்றுகின்றனர். அவ்வளவின்படி எங்கள் ஹெலிகாப்டரின் உள்ளறை ஏறத்தாழ 16 சென்டிமீட்டர் நீளமும், 7 சென்டிமீட்டர் அகலமும், ஐந்தரை சென்டிமீட்டர் உயரமும் உடையதாயிற்று. மூக்குக்கண்ணாடிக் கூட்டினும் சிறிதளவே பெரிது.

வெட்டுத்தாளில் உள்ளறை என்பதே இல்லை. சன்னல்கள் கருநீல வட்டங்களாக அச்சிடப்பட்டிருந்தன. அவ்வாறே ஒட்டி முடித்திருந்தால் நான்கு நாளில் வேலை தீர்ந்திருக்கும். அதனைத் தடுத்தவர் எம் சிற்றப்பா.

அவர் கணபதிப் பகுதியிலுள்ள வார்ப்படச் சாலைகளில் நாற்பதாண்டுக் காலம் பேட்டர்ன் செய்த மரவேலைக்காரர். கோவையின் பம்புகளைப் பற்றிப் பெருமை பேசுவோர், அப்பம்பு முதன்முதல் மரத்திற் பிறக்கிறதென்பதை நினைப்பதில்லை. மரத்திற் செய்த பேட்டர்னை மணலில் அழுத்தி எடுத்தால் வெளியுருவத்தின் பள்ளம் கிடைக்கும். ஆனால் பம்பின் உள்ளே நீர் சுழலும் வெற்றிடம் எவ்வாறு உண்டாகும்? அதற்கு 'கோர்' என்னும் மணற்கட்டியைத் தனிப் பெட்டியில் இறுக்கிச் செய்து, கெட்டிப்படுத்தி, அப்பள்ளத்தின் நடுவே வைப்பர். உருகிய இரும்பு அதனைச் சூழ்ந்து பாயும். ஆறிய பின்னர் மணலைத் தட்டி உதிர்த்துவிட, நீருக்குரிய வழி நின்றுவிடும். வெளிப்புறத்திற் சிறிது பிழை நேர்ந்தாலும் பம்பு ஓடும்; கோர் ஒரு நூலளவு விலகினால் ஓடாது. இவ்வறிவிலே தோய்ந்த பெரியவர், அச்சிட்ட நீல வட்டங்களை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "உள்ளுக்குள்ள என்ன போகோணும்னு தெரியாம வெளிய மட்டும் கட்டி என்ன பண்றது கண்ணு?" என்றார். பிள்ளை சிரித்தான். சிரித்தவன் மறுநாட் காலையில் நீல வட்டங்களையெல்லாம் வெட்டித் திறந்துவிட்டான்! திறந்த சன்னல்களுக்குப் பின்னால் வெறும் வெள்ளைத்தாள் தெரிந்தது. இனி உள்ளறையைக் கட்டுவதன்றி வேறு வழியில்லை.

கடையில் வாங்கும் பிளாஸ்டிக் மாதிரிகளுக்கு உள்ளுறுப்புகளைத் தனியே விற்பாரும் உளர்; இக்காலத்தில் முப்பரிமாண அச்சுப்பொறியிற் பொழுதுக்கு நூறு நாற்காலி செய்வாரும் உளர். அவரோடு எமக்கு வழக்கில்லை. ஆனால் ஊரிற் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே எல்லாம் ஆக்க வேண்டுமென்று மூவரும் உறுதி செய்துகொண்டோம். நூற்பாலையிற் கழித்த பேப்பர் கோன்களைப் பிளந்து நீரில் ஊறவைத்தால், பல அடுக்காக ஒட்டிய தாள் உரிந்து வரும். அது முன்னமே வளைவுடையதாதலின் ஹெலிகாப்டரின் விலாச்சட்டங்களுக்கு மிகவும் பொருந்திற்று. தளத்துக்குத் திருமண அழைப்பிதழ் அட்டை. சரக்குகளைக் கட்டுதற்குத் தளத்திற் பதித்திருக்கும் வளையங்களுக்கு மோட்டார் வைண்டிங் கடையிற் குப்பையாகக் கிடந்த செம்புக்கம்பித் துண்டுகள். இருக்கைவாரின் கொக்கிகளுக்கு மாத்திரை அட்டையின் பின்புறத்து அலுமினியத்தாள்.

இவ்வேலையில் யாம் முதலிற் கற்றது தாளின் பருமையைப் பற்றியது. நாம் எழுதும் வெள்ளைத்தாளின் பருமன் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரிற் பத்திலொரு பங்கு. அதனை முப்பத்து மூன்று மடங்காக்கினால் மூன்று மில்லிமீட்டருக்கு மேலாகும். மெய்யான ஹெலிகாப்டரின் அலுமினியத் தோலோ பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டியதே. அஃதாவது எங்கள் தாள், மெய்யான உலோகத்தினும் மும்மடங்கு தடித்தது! வானில் இரைந்து செல்லும் அவ்வளவு பெரிய ஊர்தியைச் சூழ்ந்திருக்கும் சுவர், அளவிற்கேற்பப் பார்க்குமிடத்து, நம் தேர்வுத்தாளினும் மெல்லியது. இதனைக் கணக்கிட்டுச் சொன்ன பொழுது பிள்ளை நெடுநேரம் பேசவில்லை. இருக்கைவாருக்கு வெள்ளைத்தாளும் தடித்துப்போமாதலின், பழைய புகைப்படத் தொகுப்பேடுகளின் இடையில் வைக்கும் மெல்லிய தாளைத் தேநீரில் தோய்த்து ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டினோம்.

ஓட்டியர் அறையில் இருக்கைகள் இரண்டு அருகருகே. அவற்றினிடையே சற்றுப் பின்னாகப் பொறியாளருக்கு மடக்கிருக்கை ஒன்று. ஒவ்வோர் ஓட்டியின் முழங்கால்களுக்கிடையிலும் ஒரு பிடி. அது சாயும் திசையில் ஊர்தி சாயும். இடக்கையருகே ஒரு நெம்புகோல். அதனை உயர்த்தினால் ஐந்து சுழலிறக்கைகளும் ஒருங்கே சாய்வு மிகுந்து ஊர்தி எழும். காலடியில் மிதிகட்டைகள், அவை வாலிற் சுழலும் சிறு சுழலியை ஆளுவன. பிடியும் நெம்புகோலும் மிதியும் ஓட்டியர் இருவர்க்கும் தனித்தனியே உண்டு. முகப்புப் பலகையில் முற்காலத்து வட்ட முட்கடிகைகளுக்குப் பெரிதும் மாற்றாக மின்திரைகள் வந்துவிட்டமையின் அவ்விடம் எளிதாயிற்று: கருந்தாளின்மேல் நகப்பூச்சு ஒரு துளி.

பின்னறைதான் கடினம். மி-17-இன் பின்னறையிற் பயணிகள் பேருந்தில் இருப்பதுபோல் முன்னோக்கி அமர்வதில்லை. இருபுறச் சுவரோரமும் நீளவாக்கில் மடக்கிருக்கைகள். ஒருவரையொருவர் எதிர்நோக்கி, முழங்காலுக்கு முழங்கால் நேராக அமர்வர். மடக்கினால் அவை சுவரோடு ஒட்டிக்கொள்ள, அறை சரக்கறையாகிவிடும். சுவரையும் கூரையையும் இரைச்சலைத் தணிக்கும் மெத்தைத்துணி போர்த்திருக்கும்; கட்டங்கட்டமாகத் தைத்தது. அத்தையலை யாம் மழுங்கிய ஊசியினால் தாளிற் கீறியே காட்டினோம். இருக்கைகள் பிள்ளையின் பங்கு. பக்கத்துக்குப் பன்னிரண்டாக இருபத்து நான்கு. செய்தித்தாளின் விளிம்பைச் சைக்கிள் கம்பியிற் சுற்றிச் சட்டமாக்கி, நாடாத் துணியினாற் கீல் வைத்து, ஒவ்வொன்றும் மெய்யாகவே மடங்குமாறு செய்தான். அவற்றின் அடியிற் பென்சிலால் 1 முதல் 24 வரை எண்ணிட்டுப் பழைய இனிப்புப் பெட்டியில் வரிசையாக அடுக்கினான். நவம்பர் முதல் நாள் பள்ளி திறந்தமையால் மலைக்குத் திரும்பினான். அரையாண்டு விடுமுறையில் வந்து அவற்றைப் பொருத்துவதாக ஏற்பாடு.

டிசம்பர் 8-ஆம் நாள் நண்பகலுக்குச் சற்று முன்னர்ச் சூலூரினின்று வெலிங்டன் படைப்பயிற்சிக் கல்லூரிக்குப் புறப்பட்ட மி-17 வி5 ஒன்று, குன்னூரையடுத்த காட்டேரிப் பகுதியில், நஞ்சப்பசத்திரம் என்னும் சிற்றூரின் அருகே வீழ்ந்து எரிந்தது. முப்படைகளின் தலைமைத் தளபதி பிபின் ராவத் அவர்களும் அவர்தம் துணைவியாரும் உட்படப் பதின்மூவர் அன்றே மாண்டனர். உயிர் தப்பியிருந்த குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு கிழமை கழித்துப் பெங்களூர் மருத்துவமனையில் உயிர்நீத்தார். எதிர்பாராது வானிலை மாறி முகிலினுட் புகுந்தமையால் ஓட்டியருக்குத் திசையுணர்வு தடுமாறிற்றென்று 2022 ஜனவரியில் விசாரணைக் குழுவினர் கண்டறிந்தனர். இயந்திரக் கோளாறோ சதியோ அன்றென்றும் கூறினர்.

எம் தமக்கையாரின் குடியிருப்பு அவ்விடத்துக்கு நெடுந்தொலைவன்று. பிள்ளை அன்று வகுப்பில் இருந்தான், மலையெங்கும் மூடுபனி. அவ்வூரார் குடங்களில் நீரும், காயம்பட்டோரைச் சுமந்துவரப் போர்வைகளும் எடுத்துக்கொண்டு ஓடியதை மாலையிற் கேட்டறிந்தான். கண்ணாற் கண்டதைவிடக் கேட்டறிந்தது சில வேளைகளில் மனத்தை மிகுதியாகப் பற்றிக்கொள்ளும் போலும். கிறிஸ்துமஸ் விடுமுறையில் வந்தவன் இனிப்புப் பெட்டியைத் திறந்து, இருக்கைகளைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னர், "மாமா, இந்த மாதிரி சீட்டுலதானா உக்காந்திருந்தாங்க?" என்று கேட்டான். அதே வகை ஊர்திதான் என்று மட்டும் சொன்னோம். அவன் பெட்டியை மூடி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டான். அந்த விடுமுறையில் மட்டுமன்று, அதன்பின் வந்த கோடை விடுமுறையிலும் அவன் அதனைத் தொடவில்லை.

யாமும் வற்புறுத்தவில்லை. வேறொரு தாளில் மீண்டும் அச்சிட்டு, நீல வட்டச் சன்னல்களோடு வெளிக்கூட்டை ஒட்டி முடித்துவிடலாம் என்று ஒருமுறை எண்ணியதுண்டு. பார்ப்பவர்க்கு வேறுபாடு தெரியாது. ஆனால் நாற்பது நாள் ஒரு பிள்ளையின் விரல்கள் இருக்கைகளைச் செய்தபின் அவ்வூர்தி எமக்கு வெளிக்கூடாகத் தோன்றவில்லை. அதனுள் மாந்தர் எதிரெதிரே அமர்ந்திருந்தனர். தலைக்குமேல் ஹெலிகாப்டர் சென்றபொழுதெல்லாம் யாம் மயிலையோ சுழலியையோ பார்த்திலம்; வட்டச் சன்னல்களையே பார்த்தோம். தாள்விமானம் செய்பவர்க்கு இவ்வெண்ணம் வேண்டாத சுமையென்பார் ஒருசாரார். இருக்கலாம்.

இவ்வாறு பதினாறு மாதங்கள் கழிந்தன. 2023 ஏப்ரலில் ஆலாந்துறைக்கு மேற்கேயுள்ள மலைச்சரிவிற் காட்டுத்தீ மூண்டு பல நாள் எரிந்ததை நம் ஊரார் மறந்திரார். வனத்துறையினர் தழைகளை ஒடித்துக்கொண்டு செங்குத்தான பாறைகளில் ஏறிப் போராடியும் அடங்காமையால், சூலூரினின்று மி-17 வி5 வரவழைக்கப்பட்டது. அது மலைக்கு அப்பாலுள்ள மலம்புழா அணைக்குச் சென்று, கயிற்றிற் கட்டித் தொங்கவிட்ட பெரிய வாளியில் நீரை மொண்டு வந்து தீயின்மேற் சொரிந்தது. கோடை விடுமுறைக்கு வந்திருந்த பிள்ளையையும் சிற்றப்பாவையும் அழைத்துக்கொண்டு, அப்பக்கத்து நண்பரொருவரின் தென்னந்தோப்புக்குச் சென்றிருந்தோம். புகையினிடையே ஊர்தி வந்தது. அதன்கீழ்ச் செம்மஞ்சள் நிற வாளி சிறிதே ஆடிக்கொண்டு வந்தது. பதினான்கு வயதாகிவிட்ட பிள்ளை கைகளைக் கண்ணுக்கு மேல் மறைத்துக்கொண்டு பார்த்தான். யாம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் அஞ்சுவானோ என்பதே எம் கவலை. வாளி திறந்து நீர் வெண்புகைபோல் விழுந்தது. ஊர்தி திரும்பிற்று.

"கவுறு எதுல கட்டியிருக்குதுங்க மாமா?" என்றான்.

எமக்கு முன்னே சிற்றப்பா விடை சொன்னார். வயிற்றின் கீழே வெளிப்புறத்தில் எங்கேனும் கட்டினால் சுமை ஒருபுறம் இழுத்து ஊர்தி கவிழும். சுழலி எந்த அச்சில் தூக்குகிறதோ அதற்கு நேர் கீழேதான் சுமை தொங்க வேண்டும். ஆகவே உள்ளறையின் தளத்திலே ஒரு திறப்பு இருந்தாக வேண்டும் என்று மண்ணிற் குச்சியினாற் கோடிட்டுக் காட்டினார். வீட்டுக்கு வந்து படங்களைத் தேடிப் பார்த்தோம். அவர் சொன்னவாறே தளத்தின் நடுவே திறப்பு இருந்தது. வாழ்நாளில் ஒரு ஹெலிகாப்டரிலும் ஏறாதவர் அவர்!

அன்றிரவு அலமாரியின் மேல்தட்டினின்று பெட்டி இறங்கிற்று. யாரும் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அழைப்பிதழ் அட்டைத் தளம் இன்னும் ஒட்டப்படாமலே இருந்தமையால், பிள்ளை அதன் நடுவே கட்டைவிரல் நகத்தளவு ஒரு திறப்பை வெட்டி, அதற்கு மூடியும் கீலும் அமைத்தான். நூற்பாலை நூலை முறுக்கி மெழுகுவத்தியில் இழுத்துக் கயிறாக்கினோம். வாளிக்குச் செம்மஞ்சள் நிறக் காற்றாடித் தாள். மடிப்பு மடிப்பாக ஒட்டியதால் அது சுருங்கவும் விரியவும் செய்தது. இருபத்து நான்கு இருக்கைகளும் எண் வரிசை தவறாமல் சுவரோரம் பொருத்தப்பட்டன.

வாளிப் பணியின்போது அவையெல்லாம் மடக்கியிருக்க வேண்டும். அவ்வாறே மடக்கி வைத்தான். ஆனால் அவ்வாண்டு டிசம்பரிற் பெருமழையினால் தூத்துக்குடி மாவட்டம் வெள்ளக்காடாகி, திருச்செந்தூரினின்று சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு சிக்கிக்கொண்டபொழுது, விமானப்படை ஹெலிகாப்டர்கள் அவர்க்கு உணவுப் பொட்டலங்களை இட்டதையும், கருவுற்ற பெண்மணி ஒருவரையும் சிறு குழந்தையையும் உள்ளிட்ட சிலரை ஏற்றிச் சென்றதையும் செய்தியிற் கண்டோம். விடுமுறையில் வந்தவன் முதலில் ஐந்தாம் எண் இருக்கையையும் ஆறாம் எண் இருக்கையையும் விரித்துவிட்டான். நம் அளவில் ஓர் ஆள் ஐந்து சென்டிமீட்டர். ஒன்றரை வயதுக் குழந்தை இரண்டரை சென்டிமீட்டரைத் தாண்டாது. குழந்தைக்கு இருக்கைவார் எவ்வாறு போடுவர் என்று கேட்டான். தாயின் மடியில் இருக்குமென்று அவன் பாட்டி அடுக்களையிலிருந்தே சொன்னார்.

இனி எஞ்சியது கூட்டை மூடுவது. மூடிவிட்டால் வட்டச் சன்னல் வழியே இருக்கையின் விளிம்பும் மெத்தைச் சுவரின் ஒரு கட்டமும் தெரியும். பின்புறச் சாய்தளத்தைத் திறந்து வைத்தாலும் பாதி அறைதான் தெரியும். தாள் மாதிரிக்காரர் பலர் அதுவே முறையென்பர். உள்ளே இருப்பதை அறிந்தவன் அறிவான், காட்ட வேண்டுவதில்லை என்பது அவர் கொள்கை. எமக்கும் ஓரளவு அதில் உடன்பாடே. ஆனால் இருக்கைகளை மடக்கவும் விரிக்கவும் வேண்டியிருந்தது. சிற்றப்பா தம் கோர்ப்பெட்டிகள் இரு பாதிகளாகப் பிரிந்து குமிழால் பொருந்துவதை நினைவுகூர்ந்து, கூரையையும் அதன்மேல் சுழலியையும் ஒருசேரக் கழற்றத்தக்கதாகச் செய்யச் சொன்னார். நான்கு மூலைகளிலும் ஊதுபத்திக் குச்சியின் துண்டு நான்கு குமிழ்களாயின. 2024 ஜனவரியில் வேலை முடிந்தது.

இப்பொழுது அது எம் துறை அறையில் கண்ணாடிப் பெட்டியினுள் இருக்கிறது. கூரையைக் கழற்றிப் பார்க்க விரும்புவோர் கேட்டால் திறந்து காட்டுவோம். ஓட்டியர் இருவரும் தம் இடங்களில் உள்ளனர். பின்னறையில், தளத்தின் திறப்பருகே, ஒருவன் வயிற்றின்மேற் படுத்துத் தலையை வெளியே நீட்டி வாளியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்; அவன் இடுப்பினின்று ஒரு பாதுகாப்பு வார் சுவர் வளையத்துக்குச் செல்கிறது. அவ்வாரின் கொக்கி மட்டும் அலுமினியத்தாளன்று. பிள்ளை அதற்குச் செம்புக்கம்பியை இரண்டு சுற்றாகச் சுற்றியிருக்கிறான். முகம் வரையவில்லையே என்று ஒரு மாணவர் கேட்டார். கீழே நோக்கியிருப்பவனுக்கு முகம் எதற்கென்று அவன் அப்போதே எம்மிடம் சொல்லிவிட்டான்.